கட்டிலோரத் தண்டால்

கொல்கத்தாவில் உடலை வலுப்படுத்துவது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே போய்ச் செய்யவேண்டிய காரியமாகவே இருந்தது. மண்ணைக் கிளறிப் பதப்படுத்திய மல்யுத்தக் குழியும், சுவரோரம் சாய்த்து வைத்த கர்லாக் கட்டைகளும், பிழை கண்டால் அதட்டும் உஸ்தாத் என்னும் ஆசானும் கூடிய அகாடா என்னும் பயிற்சிக்களத்தில்தான் பலம் கிடைக்கும் என்பது அக்காலப் பொதுக்கருத்து. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதே நகரில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடைப்பட்ட ஆறடித் தரையில், கருவி ஏதுமின்றி, நாளுக்குக் கால் மணி நேரத்தில் செய்து முடிக்கும் வேலையாக அது உருமாறிவிட்டது. இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதையும், அகாடாவிலிருந்து வீட்டுக்கு வந்த வழியில் எது கூடவந்தது, எது பின்தங்கிப் போனது என்பதையும் அறிந்தவருக்கு, இன்று கைப்பேசித் திரையைப் பார்த்துச் செய்யப்படும் பத்து நிமிடப் பயிற்சிகளை எடைபோடுவது எளிதாகும்.

அகாடாக்கள் பெருகியதற்கு உடல்நலம் மட்டும் காரணமன்று. வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றி 1841இல் எழுதிய கட்டுரையில் மெக்காலே வங்காளிகளை உடல்வலுவும் துணிவும் அற்றவர்கள் என்று இகழ்ந்தது, ஆங்கிலம் படித்த வங்காள இளைஞர்களின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிப்போயிற்று. 1867இல் தொடங்கிய இந்து மேளா என்னும் தேசிய விழாவின் பின்னணியில் இருந்த நவகோபால் மித்ரா உடற்பயிற்சிக் கூடமும் நடத்தினார். பிற்காலத்தில் விவேகானந்தர் ஆன நரேந்திரநாத் இளமையில் அங்கே பயின்றவர். அம்பிகாசரண் குஹா நிறுவிய அகாடாவின் வழிவந்தவரும், ஜதீந்திரசரண் என்னும் இயற்பெயர் மறைந்து கோபர் குஹா என்றே அறியப்பட்டவருமான மல்லர், 1921இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆட் சாண்டலை வீழ்த்தி உலக லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். 1902இல் தோன்றிய அனுசீலன் சமிதியோ வெளிப்பார்வைக்கு உடற்பயிற்சிச் சங்கமாகவும் உள்ளே புரட்சி இயக்கமாகவும் வளர்ந்தது. தேசத்தின் மானத்தைத் தோளில் சுமந்த இந்தப் பயிற்சிகளுக்கு நேரமும் தீனியும் ஏராளமாக வேண்டியிருந்தன. காலையில் டிராம் பிடித்து அலுவலகம் போய் அந்தியில் களைத்துத் திரும்பும் கேரானிக்கு (வங்காளத்தில் அலுவலக எழுத்தரைக் குறிக்கும் சொல் இது) அந்த நாளொழுங்கு எட்டாக்கனியாகவே இருந்திருக்கும்.

வீட்டுப் பயிற்சி என்னும் எண்ணம் உலக அளவில் பரவியது இரண்டு ஐரோப்பியரால். பிரஷ்யாவில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற யூஜின் சாண்டோ, எடை குறைந்த டம்பெல்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை நூலாகவும் விளக்கப்படமாகவும் அஞ்சல்வழிப் பாடமாகவும் விற்றவர். 1904–05இல் அவர் இந்தியா முழுதும் சுற்றிக் கொல்கத்தாவிலும் தம் உடலைக் காட்சிக்கு வைத்தார். கையில்லாத பனியனுக்கு இன்றும் கொல்கத்தாவில் ‘சாண்டோ கெஞ்சி’ என்றே பெயர். தமிழ்நாட்டில் படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் சாண்டோவின் பெயரே. டென்மார்க்கின் ஜே.பி. முல்லர் 1904இல் வெளியிட்ட ‘என் முறை’ என்னும் நூல் இன்னும் ஒருபடி போய், டம்பெல்லும் வேண்டாம், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும் என்றது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த எழுத்தாளர் காஃப்கா, சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முல்லரின் பயிற்சிகளைச் செய்துவந்தவர் என்பதை நினைத்தால், இந்த முறை யாருக்காகப் பிறந்தது என்பது விளங்கும்: அது மேசை வேலைக்காரர்களுக்கான கண்டுபிடிப்பு.

கொல்கத்தாவில் அகாடா மரபும் இந்த ஐரோப்பிய முறைகளும் கலந்த இடம், பரமஹம்ச யோகானந்தரின் தம்பியான விஷ்ணுசரண் கோஷ் 1923இல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரி. பார்பெல் தூக்குதல், தசைகளைத் தனித்தனியே இறுக்கித் தளர்த்தும் ‘தசைக் கட்டுப்பாடு’ என்னும் வித்தை, ஆசனங்கள் ஆகிய மூன்றையும் அவர் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தார். கேசவசந்திர சென்குப்தாவுடன் சேர்ந்து 1930இல் தசைக் கட்டுப்பாடு, பார்பெல் பயிற்சி பற்றி நூலும் எழுதினார். அவருடைய மாணவி ரேபா ரக்ஷித் 1950களில் சர்க்கஸ் அரங்குகளில் யானையைத் தம் மார்பின்மேல் நடக்கவிட்டுக் காட்டியவர். கோஷின் பள்ளியில் பயின்ற விக்ரம் சௌதுரி அமெரிக்காவில் 26 ஆசனங்களைச் சுமார் 40 டிகிரி வெப்பத்தில் தொண்ணூறு நிமிடம் செய்விக்கும் முறையைப் பெருவணிகமாக்கினார். மே மாதக் கொல்கத்தாவில் மின்தடை வந்தால் அந்த வெப்பம் காசில்லாமலே கிடைக்கும் என்பது வேறு செய்தி. யானையும் வெப்ப அறையும் பேர்பெற்றன. ஆனால் வருபவரின் உடல்நிலையை விசாரித்து, அவருக்கென்று சில பயிற்சிகளைத் தேர்ந்து, வீட்டில் நாள்தோறும் செய்துவரச் சொல்லி அனுப்பும் அந்தப் பள்ளியின் அமைதியான வழக்கமே, மருந்துச்சீட்டைப்போல் பயிற்சிச்சீட்டு என்னும் அந்த எண்ணமே, சாதாரண வீடுகளுக்கு அதிகம் பயன்பட்டதாகத் தோன்றுகிறது.

கருவியில்லாப் பயிற்சிக்கு இந்நகரம் காட்டும் மிகப்பெரிய சான்று மனோகர் ஐச். 1912இல் இன்றைய வங்கதேசத்தின் குமிள்ளா மாவட்டத்தில் பிறந்து, நான்கடி பதினோரு அங்குலமே வளர்ந்த அவர், ராயல் ஏர்ஃபோர்ஸில் பணியாற்றியபோது பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்ததற்காகச் சிறைப்பட்டார். பார்பெல்லோ டம்பெல்லோ இல்லாத அந்தச் சிறையில் மணிக்கணக்காகத் தம் உடலெடையைக் கொண்டே பயிற்சி செய்ததாகவும், அங்கேதான் உலகப் போட்டிக்குத் தயாராகும் எண்ணம் பிறந்ததாகவும் பிற்காலப் பேட்டிகளில் அவர் சொல்லியிருக்கிறார். விஷ்ணு கோஷின் மாணவரான மனோதோஷ் ராய் 1951இல் லண்டன் ‘மிஸ்டர் யூனிவர்ஸ்’ போட்டியின் ஒரு பிரிவில் வென்றார்; அடுத்த ஆண்டே குள்ளமானவர்களுக்கான பிரிவில் வென்ற ஐச் ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்று அறியப்பட்டார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்த அவர் 2016 ஜூன் 5 அன்று மறைந்தார். எனினும் அவருடைய சிறை நாள்களை வீட்டுப் பயிற்சிக்கு நேரடி முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது பொருந்தாது, ஏனெனில் அவரிடம் கருவி இல்லையே தவிர நேரத்துக்குக் குறைவில்லை. குடும்பத்தில் இருப்பவருக்கோ நேரம்தான் குறைவு.

நேரமில்லாதவருக்கு வழிசெய்தவை சுவரில் மாட்டும் பயிற்சிப்படங்கள். ‘இரும்பு மனிதர்’ என்று வங்காளத்தில் அறியப்பட்ட நீலமணி தாஸ் எழுதிய உடற்பயிற்சி நூல்களும் அச்சிட்ட விளக்கப்படங்களும் பல தலைமுறை வங்காளக் குடும்பங்களுக்குப் பழக்கமானவை. வெறுங்கையால் செய்பவை, ஆசனங்கள், டம்பெல்லால் செய்பவை என்று தனித்தனித் தாள்களில், கட்டம் கட்டமாக ஓர் உடல் குனிவதும் நிமிர்வதும் வரையப்பட்டிருக்கும். அடியில் எத்தனை முறை என்ற குறிப்பு இருக்கும். தமிழர் தண்டால் என்றும் பஸ்கி என்றும் சொல்பவற்றை வங்காளிகள் ‘டன்’, ‘போய்ட்டக்’ என்பார்கள். முன்னது கையை ஊன்றி உடலை இறக்கி ஏற்றுவது, பின்னது நின்றபடியே முழங்காலை மடித்து உட்கார்ந்து எழுவது. மல்லர்கள் இவற்றை நூற்றுக்கணக்கில் செய்தார்கள். விளக்கப்படமோ பத்து, பதினைந்து என்று பேசியது. உஸ்தாதின் இடத்தில் ஒரு தாள் வந்து தொங்கியது. கேள்வி கேட்டால் பதில் சொல்லாத, ஆனால் கட்டணமும் கேட்காத ஆசான் அது.

பத்து, பதினைந்து முறை செய்வதால் உண்மையில் பலம் கூடுமா என்ற கேள்விக்கு உடலியல் தரும் விடை, கூடும், ஆனால் ஒரு நிபந்தனையோடு என்பதே. ஒரு நரம்பணுவும் அது ஆட்டுவிக்கும் தசைநார்களும் சேர்ந்தது ‘இயக்க அலகு’ எனப்படுகிறது. பழக்கமில்லாத உடல் ஒரு வேலையைச் செய்யும்போது தன்னிடமுள்ள இயக்க அலகுகளை முழுமையாகவும் ஒத்திசைவாகவும் எழுப்புவதில்லை. நாள்தோறும் அதே அசைவைப் பழகும்போது நரம்பு மண்டலம் அவற்றை எழுப்பக் கற்றுக்கொள்கிறது. ஆகவே முதல் சில வாரங்களில் கையோ காலோ பருக்காமலே பலம் கூடுகிறது. தசை கண்ணுக்குத் தெரியும்படி தடிப்பது அதற்குப் பின்னர்தான். பலர் முதல் மாதத்தோடு நின்றுவிடுவதற்குக் கண்ணாடியைப் பார்த்து ஏமாறுவது ஒரு காரணமாக இருக்கலாம். நிபந்தனை என்னவென்றால், சுமை ஒரே அளவில் நின்றுவிட்டால் வளர்ச்சியும் நின்றுவிடும். உடலுக்கு நேற்றையதைவிடச் சற்றே கடினமான வேலையைத் தொடர்ந்து கொடுத்துவரவேண்டும். ‘படிப்படியான சுமையேற்றம்’ என்று சொல்லப்படும் இந்த விதியில்தான் வீட்டுப் பயிற்சிகளில் பெரும்பாலானவை தோற்றுப்போகின்றன, ஏனெனில் ஒரே படத்தை, ஒரே காணொளியை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்வது பழக்கத்தைக் காப்பாற்றுமே ஒழியப் பலத்தைக் கூட்டாது.

சுமையைக் கூட்ட இரும்பு வேண்டியதில்லை. கொல்கத்தா வீட்டுக் கட்டிலே போதும். அடியில் பெட்டி படுக்கைகளை அடுக்கவும், மழைநீர் உள்ளே புகுந்தால் தப்பவும் அந்நகரத்தார் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல்லை அடுக்கி உயர்த்துவது பழைய வழக்கம். அப்படி உயர்த்திய கட்டிலின் விளிம்பு தரையிலிருந்து அறுபது சென்டிமீட்டர் அளவில் நிற்கும். தண்டால் எடுக்கும்போது கைகள் தாங்கும் சுமையை அளந்தவர்கள் கண்டது இது: தரையில் செய்யும் வழக்கமான தண்டாலில் உடலெடையில் சுமார் 64 விழுக்காடும், முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்தால் 49 விழுக்காடும், அறுபது சென்டிமீட்டர் உயரத்தில் கைகளை ஊன்றிச் செய்தால் 41 விழுக்காடும், அதே உயரத்தில் கால்களை வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினால் 74 விழுக்காடும் கைகளின்மேல் விழுகின்றன. அறுபது கிலோ எடையுள்ளவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தொடங்கினால் ஏறத்தாழ 25 கிலோவையும், சில மாதம் கழித்து அதே விளிம்பில் பாதங்களை ஏற்றிவைத்தால் 44 கிலோவையும் தள்ளுகிறார். இடையில் வீட்டிலுள்ள ‘ஜல்சௌக்கி’ என்னும் தாழ்ந்த மரப்பலகை ஒரு படியாகும். அதற்குக் கீழே சிவப்புச் சிமெண்டுத் தரை. தண்டாலே வராது என்று கைவிரிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஏணியின் நடுப்படியில் காலை வைத்து ஏறப்பார்த்தவர்களே.

கால்களுக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதே தொடக்கம். இதை மருத்துவர்கள் சோதனையாகவும் பயன்படுத்துகிறார்கள். அரை நிமிடத்தில் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணும் அச்சோதனையில், 60 முதல் 64 வயது வரையிலான ஆண்கள் 14 முறைக்கும் பெண்கள் 12 முறைக்கும் கீழே நின்றால் அது சராசரிக்குக் குறைவு என்றும், கீழே விழும் அபாயம் கூடுதல் என்றும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல் சொல்கிறது. முதுகுத் தசைகள்தான் வீட்டில் சிக்கலானவை, ஏனெனில் தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, இழுப்பதற்கு ஒன்றும் இருப்பதில்லை. குளியலறை வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் நிரப்பினால் அது பத்து கிலோ. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை வளைக்காமல் இடுப்பில் குனிந்து, மறு கையால் அந்த வாளியை விலா வரை இழுத்து இறக்குவது இந்தக் குறையை ஓரளவு தீர்க்கும். அரை லிட்டர் கூட்டினால் அரை கிலோ கூடும் என்பதால், இதைவிட நுட்பமாகச் சுமையேற்றத்தக்க கருவி உடற்பயிற்சிக் கூடங்களிலும் அரிது.

எவ்வளவு நேரம் என்பதில் அறிவியலின் நிலைப்பாடு அண்மையில் தளர்ந்திருக்கிறது. உடலசைவு குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்தால்தான் கணக்கில் வரும் என்று 2010இல் சொன்ன உலகச் சுகாதார நிறுவனம், 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த வரம்பை நீக்கிவிட்டது; வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது அது. இரண்டாம் பகுதியைத்தான் இந்திய நகரத்தார் கவனிப்பதில்லை. தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் லேக் மார்க்கெட்டை அடுத்த ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி விடியலில் நடப்பவர்கள் முதல் பகுதியை நன்றாகவே நிறைவேற்றுகிறார்கள். ஆனால் நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் செய்யும் நன்மையைத் தோளுக்கும் முதுகுக்கும் செய்வதில்லை, தொடைக்குக்கூட ஓரளவுக்குமேல் செய்வதில்லை. முப்பது வயதுக்குப் பின்னர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை கரைகிறது என்னும் நிலையில், நடைக்குப் பின் வீடு திரும்பிச் செய்யும் பத்து நிமிடமே அந்த இழப்பை எதிர்க்கும்.

நான்கே நிமிடம் போதும் என்று விளம்பரப்படுத்தப்படும் ‘தபாத்தா’ பயிற்சியை மட்டும் சற்று ஐயத்தோடு அணுகவேண்டும். இசுமி தபாத்தா என்னும் ஜப்பானிய அறிஞர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஆய்வக மிதிவண்டியில் 20 நொடி மிகக் கடுமையாக மிதித்து 10 நொடி ஓய்ந்து, ஏழெட்டுச் சுற்றில் முற்றிலும் சோர்ந்துபோகும் வரை உழைத்தார்கள். உடலைச் சூடேற்றிக்கொள்ளவே பத்து நிமிடம் தனியாக வேண்டியிருந்தது. வரவேற்பறையில் பாட்டுக்கு ஏற்பக் கைகால் அசைப்பதற்கு அதே பெயரைச் சூட்டுவதால் அதே பலன் வந்துவிடாது. குறுகிய நேரம் என்பது உழைப்பைக் குறைப்பதற்கான சலுகை அன்று. நேரம் சுருங்கச் சுருங்க உழைப்பு செறிவாகவேண்டும்.

தசையைப் பற்றிய இந்த அக்கறை இந்தியர்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் இருவர் படத்தையும் அருகருகே வைத்து 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட சிறு குறிப்பு புகழ்பெற்றது: உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடற்பருமன் குறியீடு இருவருக்கும் 22.3 என்று ஒன்றாகவே இருந்தும், ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடாகவும் இந்தியர் உடலில் 21.2 விழுக்காடாகவும் இருந்தது. ஒல்லியாகத் தெரிவதும் நலமாக இருப்பதும் வேறுவேறு. 2024இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று கணித்தது. ஆண்களில் அது 42 விழுக்காடு, பெண்களில் 57. நாள் முழுதும் வீட்டில் ஓயாமல் நடமாடும் பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வேலை களைப்பைத் தரும், பலத்தைத் தராது. ஏனெனில் அதே பாத்திரம், அதே துணி, அதே எடை. அகாடாவின் கதவு பெரும்பாலும் ஆண்களுக்கே திறந்திருந்த நகரில், கதவைச் சாத்திக்கொண்டு சேலையை இழுத்துச் செருகிப் பத்து நிமிடம் செய்யத்தக்க பயிற்சியின் அருமை ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

உணவைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை, உடலெடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம். அறுபது கிலோ எடைக்கு அது 50 கிராம். இரண்டு துண்டு ரூயி மீனும் பருப்பும், உடற்பயிற்சி செய்வோர் காலையில் இஞ்சியோடு மெல்லும் ஊறவைத்த கொண்டைக்கடலையும் அந்த அளவை நெருங்கிவிடும். டப்பாவில் அடைத்த மாவு தேவைப்படுவது மிகச் சிலருக்கே. மனோகர் ஐச்சின் பலத்துக்குப் ‘பாந்தா பாத்’ காரணம் என்று கொல்கத்தாவில் சொல்வதுண்டு. பாந்தா பாத் என்பது வேறொன்றுமில்லை, பழைய சோறுதான். ஆனால் அவர் பாலும் மீனும் பருப்பும் சேர்த்தே உண்டார் என்பதைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

எச்சரிக்கைகள் சில உண்டு. காற்றில் ஈரம் மிகுந்த நகரில் வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே வழிவதால் வெப்பம் வெளியேறுவதில்லை; ஜூனில் மொட்டைமாடிப் பயிற்சி விடியலோடு முடியவேண்டும். பாரம் தள்ளும்போது மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும் என்பதால் தள்ளும்போது மூச்சை வெளிவிடுவதே முறை, இரத்தக் கொதிப்போ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்கவேண்டும். மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிப்பது இயல்பு, மூட்டு வலிப்பதும் நெஞ்சு இறுகுவதும் இயல்பன்று.

அகாடாவிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பின்தங்கிப்போனது உஸ்தாதின் கண்தான். சாண்டோ காலத்திலிருந்தே வீட்டில் பயில்பவருக்கு அந்தக் கண்ணின் இடத்தில் கண்ணாடி பரிந்துரைக்கப்பட்டு வந்திருக்கிறது, வங்காளி வீட்டு இரும்பு அலமாரியின் கதவிலும் ஆளுயரக் கண்ணாடி பதித்திருப்பது வழக்கம். ஆனால் தண்டால் எடுப்பவர் அதில் பார்க்க முடிவது தம் முகத்தை மட்டுமே, இடுப்பு தொய்வது தெரியாது. தெரிந்துகொள்ள நிமிர்ந்து பார்த்தால் கழுத்து ஒடியும். அதற்கு வீட்டிலுள்ள இன்னொருவர் வேண்டும். பயில்பவரின் முதுகின்மேல் அவர் ஒரு துடைப்பக் கட்டையை நீளவாக்கில் வைத்து, அது தலையின் பின்புறம், தோள்பட்டைகளுக்கு நடுப்பகுதி, இடுப்பின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆறாவது ஏழாவது முறையில் கட்டை நடுவில் தூக்கிக்கொண்டாலோ உருண்டு விழுந்தாலோ அன்றைய கணக்கு ஐந்தோடு முடிந்தது. கட்டை அசையாமல் பன்னிரண்டு முறை இறங்கி ஏறியவர் அடுத்த வாரம் கட்டிலிலிருந்து ஜல்சௌக்கிக்கு இறங்கலாம்.